ஈரலில் கொழுப்பு: ஸ்கேன் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, மருந்து ஆய்வில் சேரலாமா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். அப்பாவுக்கு 54 வயது, விவசாயம், எடை 78 கிலோ. வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. வயிற்று வலி என்று எடுத்த ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்துவிட்டது. தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், இதற்கு ஒரு புது மருந்தை வைத்து ஆய்வு நடக்கிறது, விருப்பம் இருந்தால் சேரலாம், ஆனால் ஊசி போட்டு ஈரலில் இருந்து துளி சதை எடுக்க வேண்டியிருக்கும் என்றாராம். ஊரில் மாமாவோ, கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் குடித்தால் போதும், இதுக்குப் போய் ஊசியா என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? கேள்வியின் நடுவே, 'அம்மாவுக்குத்தான் சுகர், 12 வருஷமா மாத்திரை, அப்பாவுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது' என்று ஒரு வரி வருகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் டாக்டர் இல்லை. மருந்து ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராகப் பல வருஷம் வேலை பார்த்தவன். நோயாளிகளைச் சேர்ப்பது, ஒப்புதல் படிவத்தை வரி வரியாகப் படித்துச் சொல்வது, மாத்திரையை எண்ணிக் கொடுத்து மிச்சத்தை எண்ணி வாங்குவது, இதெல்லாம் என் வேலை. கையில் வந்த ஆய்வுகளில் பாதி கல்லீரல் சம்பந்தப்பட்டவை. பிறந்தது பாபநாசத்துப் பக்கம்.

குடிக்காதவருக்கு ஏன் வந்தது என்பதுதான் வீட்டில் எல்லோரையும் குடைகிற கேள்வியாக இருக்கும். இந்தக் கேள்வி 1980-லேயே எழுந்தது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் லுட்விக் என்ற நோய்க்கூறியல் மருத்துவர், குடிகாரர்களின் ஈரல் மாதிரியே இருந்த 20 பேரின் ஈரல் துணுக்குகளைப் பார்த்தார். ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் இல்லை. அதனால் 'மது சாராத' என்ற அடைமொழியோடு பேர் வைத்தார். அந்தப் பேரே பின்னால் தொல்லையாகிவிட்டது. நம் ஊரில் ஈரல் கெட்டுப்போச்சு என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் பார்க்கிற பார்வை தெரியுமே. 2023-ல் உலகக் கல்லீரல் சங்கங்கள் கூடி மதுவைப் பேரிலிருந்தே எடுத்துவிட்டன. வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல் நோய் என்பது இப்போதைய பேர். ரிப்போர்ட்டில் என்.ஏ.எஃப்.எல்.டி. என்று இருந்தாலும் எம்.ஏ.எஸ்.எல்.டி. என்று இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று தடம் பிடித்து 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. ஈரலில் சேர்ந்திருந்த கொழுப்பில் 59% உடம்பின் கொழுப்புக் கிடங்குகளிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. 26% மாவுச்சத்தையும் சர்க்கரையையும் வைத்து ஈரலே தயாரித்தது. சாப்பிட்ட எண்ணெய், நெய்யிலிருந்து நேராக வந்தது வெறும் 15%. வடையை விட்டுவிட்டேன், ஆனால் மூணு வேளையும் சோறுதான் என்று சொல்கிறவர்கள் இந்த 26-ஐ ஒரு தரம் யோசிக்க வேண்டும்.

அதற்காகச் சோற்றைத் திட்டவில்லை. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் சோற்றைத் திட்ட முடியுமா? என் தாத்தா காலையில் ஒரு சட்டிப் பழைய சோறு, மதியம் மலை மாதிரி ஒரு குவியல், ராத்திரி மறுபடியும் என்று சாப்பிட்டவர். ஆனால் அவர் ஏர் ஓட்டினார், அண்டை வெட்டினார், நாற்றுக் கட்டைத் தலையில் தூக்கினார். இன்று உழவுக்கு டிராக்டர், நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின். வயலுக்குப் போவது டி.வி.எஸ். 50-ல். வரப்பில் நின்று தண்ணீர் பாய்கிறதா என்று பார்த்துவிட்டு, வரும் வழியில் டீக்கடையில் ஒரு மணி நேரம். தாத்தாவின் தட்டு மட்டும் அப்படியே பேரன் கைக்கு வந்துவிட்டது. பாரம்பரிய ரகம், கைக்குத்தல் என்று மாறுகிறவர்களும் நிறைய. நல்லதுதான், மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நானும் ரசிகன். ஆனால் அதையும் அதே குவியலாகப் போட்டால் கணக்கு பெரிதாக மாறாது.

'அப்பா ஒன்றும் குண்டு இல்லை' என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம் உடல்வாகுக்கு உடல் நிறை எண் 23-ஐத் தாண்டினாலே கூடுதல் எடைதான். உயரம் ஐந்தரை அடி என்றால் அப்பாவுக்கு 27-க்கு மேல் வரும். வேட்டி கட்டுகிற இடத்தில் ஒரு டேப் வைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டினால் கொழுப்பு தோலுக்கு அடியில் மட்டும் இல்லை, வயிற்றுக்குள்ளேயும் இருக்கிறது.

இனி முக்கியமான இடம். 'கிரேடு 2' என்பது நோயின் இரண்டாம் கட்டம் இல்லை. ஸ்கேன் திரையில் ஈரல் பக்கத்துச் சிறுநீரகத்தைவிட எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் போடுகிற மதிப்பெண் அது. கொழுப்பு எவ்வளவு என்று அது ஓரளவு சொல்லும். அதுவும் கொழுப்பு 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் பல நேரம் ஸ்கேனுக்குத் தெரியவே தெரியாது. உயிருக்கு ஆபத்தாவது கொழுப்பு இல்லை, தழும்பு. கொழுப்பு சிலருக்கு அழற்சியாகி, அழற்சி ஆறும்போதெல்லாம் ஈரலில் நார் நாராகத் தழும்பு விழுகிறது. அதைத்தான் எஃப்-0 முதல் எஃப்-4 வரை எண்ணுகிறார்கள். எஃப்-4 என்றால் ஈரல் சுருக்கம், சிரோசிஸ். நீண்ட காலம் நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: யார் பிழைப்பார், யார் கஷ்டப்படுவார் என்பதைத் தழும்பின் அளவு சொல்கிற மாதிரி வேறு எதுவும் சொல்வதில்லை. கொழுப்பு சேர்ந்தவர்களில் சிறு பகுதியினர்தான் சிரோசிஸ் வரை போகிறார்கள். மீதிப் பேரில் பலரை முதலில் வீழ்த்துவது மாரடைப்பு.

இதில் ஒரு விபரீதம் உண்டு. சிரோசிஸ் முற்றிய ஈரலில் கொழுப்பு மறைந்துபோகலாம். போன வருஷம் கிரேடு 2, இந்த வருஷம் ஒன்றுமில்லை என்று ஸ்கேன் வந்து, சந்தோஷமாக ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனவரை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அவர் வந்தது வயிற்றில் நீர் கோத்து.

அப்படியானால் தழும்பை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் படிக்குக் காசே வேண்டாம், ஏற்கெனவே எடுத்த ரத்தப் பரிசோதனை போதும். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு. 2006-ல் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்காகக் கண்டுபிடித்தது, இன்று கொழுப்புக் கல்லீரலுக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று ரிப்போர்ட்டில் இருப்பவை ஈரல் என்சைம்கள், பிளேட்லெட் என்பது ரத்தத் தட்டணு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். அது மேலே. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தை பிளேட்லெட்டால் பெருக்குங்கள். அது கீழே. மேலதைக் கீழதால் வகுத்தால் விடை. பிளேட்லெட் நம் லேப் ரிப்போர்ட்டில் லட்சத்தில் இருக்கும், 1.90 லட்சம் என்றால் 190 என்று போட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய எண்கள்: எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 1.90 லட்சம். 54-ஐ 48-ஆல் பெருக்கினால் 2592. 64-இன் வர்க்கமூலம் 8, அதை 190-ஆல் பெருக்க 1520. வகுத்தால் 1.7. இந்த எண் 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, வருஷங்கள் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் போதும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கீழ் எல்லை 2. 2.67-க்கு மேலே என்றால் கல்லீரல் டாக்டரிடம் போயே ஆக வேண்டும். அப்பா நடுவில் நிற்கிறார். நடுவில் நிற்பவர்களுக்குத்தான் அடுத்த பரிசோதனை.

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். பாரிஸில் பிறந்த கருவி, 2003 வாக்கில் ஆய்வுக் கட்டுரைகளில் வரத் தொடங்கியது. வேலை செய்கிற விதம் நமக்குப் புதிதில்லை. பலாப்பழம் பழுத்துவிட்டதா என்று தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. மூன்று மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து, மல்லாந்து படுத்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளுக்கு இடையில் ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். விரலால் சுண்டுகிற மாதிரி ஓர் அதிர்வு, அவ்வளவுதான். அந்த அதிர்வு கெட்டியான ஈரலில் வேகமாக ஓடும், மெத்தென்ற ஈரலில் மெதுவாக. குறைந்தது 10 தடவை அளந்து நடு எண்ணை எடுப்பார்கள். ஈரலின் கெட்டித்தன்மையைக் கிலோபாஸ்கலில் சொல்வார்கள். 8 கிலோபாஸ்கலுக்குள் என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. 12-ஐத் தாண்டினால் தழும்பு முற்றியிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் தப்பாக ஏறும், அதனால் அன்றைக்குக் காலை டிபனைத் தள்ளிப் போடுங்கள். ரிப்போர்ட்டில் 'கேப்' என்று தனியாக வருவது கொழுப்பின் அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது கிலோபாஸ்கல்.

ஊசி எடுத்து சதை பார்ப்பது எல்லோருக்கும் தேவையில்லை. மேலே சொன்ன இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், வேறு நோய் என்று சந்தேகம் வந்தால், இல்லையென்றால் ஆய்வுக்காக. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள். அரிதாக ரத்தம் கசியலாம் என்பதால் சில மணி நேரம் படுக்கவைத்துப் பார்ப்பார்கள். எடுக்கிற துணுக்கு ஈரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. மூட்டையில் குத்தூசி போட்டு நெல்லைப் பார்க்கிற மாதிரிதான், குத்தின இடத்தில் இருக்கிறதைத்தான் அது சொல்லும். ஒரே துணுக்கை இரண்டு நிபுணர்கள் பார்த்தால் இரண்டு மாதிரி சொல்வதும் உண்டு. ஊசியே இல்லாமல் ரத்தத்திலும் எம்.ஆர்.ஐ.யிலும் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய கூட்டு ஆய்வுகள் தொடங்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

மருந்துக்கு வருவோம். பல வருஷம் இந்த நோய் மருந்துக் கம்பெனிகளின் சுடுகாடாக இருந்தது. ஒபெடிகோலிக் அமிலம் தழும்பைக் கொஞ்சம் குறைத்தது, ஆனாலும் பக்கவிளைவுக் கணக்கைப் பார்த்து அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கிற எஃப்.டி.ஏ. 2020-லும் 2023-லும் ஏற்கவில்லை. செலோன்செர்டிப், எலாஃபிப்ரனார் எல்லாம் கடைசிக் கட்டத்தில் விழுந்தன. கதவு திறந்தது 2024 மார்ச்சில், ரெஸ்மெடிரோம் மாத்திரைக்கு. அதன் ஆய்வில் 966 பேர். 52 வாரம் கழித்துப் பார்த்தபோது, தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள் அதிக டோஸில் 25.9%, வெறும் மாத்திரை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாமல் கொடுக்கிற மாத்திரை, சாப்பிட்டவர்களில் 14.2%. அடுத்து 2025 ஆகஸ்ட்டில் செமாகுளூடைட் ஊசி, எடை குறைக்க எல்லோரும் இப்போது பேசுகிற அதே மருந்து. 800 பேரிடம் 72 வாரம். தழும்பு கூடாமல் அழற்சி அடங்கியவர்கள் 62.9%, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 34.3%. இந்த இரண்டுக்கும் கிடைத்த அனுமதி எஃப்-2, எஃப்-3 நிலைக்குத்தான், எல்லா ஃபேட்டி லிவருக்கும் இல்லை. நம் நாட்டில் அகமதாபாத் கம்பெனி ஒன்றின் சாரோகிளிடசார் மாத்திரைக்கு 2020 மார்ச்சிலேயே அனுமதி கிடைத்தது. 106 பேரை வைத்து 16 வாரம் நடந்த ஆய்வில் எஸ்.ஜி.பி.டி.யும் ஈரல் கொழுப்பும் நன்றாகக் குறைந்தன. ஆனால் ரத்தத்தில் எண் இறங்குவதும் தழும்பு கரைவதும் ஒன்றில்லை. வைட்டமின் ஈ-யையும் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடுகிறார்கள். 2010-ல் சுகர் இல்லாத 247 பேரிடம் நடந்த ஆய்வில் அது அழற்சிக்கு உதவியது உண்மை. வேறொரு பெரிய ஆய்வில் ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் சற்றுக் கூடியதும் உண்மை. டாக்டர் எழுதாமல் வேண்டாம்.

மேலே இன்னொரு எண் இருக்கிறது, மறுபடி பாருங்கள். வெறும் ஊசி போட்டவர்களில் 34.3%! மூன்றில் ஒருவருக்கு மருந்தே இல்லாமல் அழற்சி அடங்கியிருக்கிறது. எங்கள் மையத்தில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் சேர்ந்தார். ஒவ்வொரு மாதமும் எடை பார்ப்போம், சாப்பாடு கேட்போம். அந்தக் கேள்விக்குப் பயந்தே ராத்திரிச் சோற்றை நிறுத்தினார், குடமுருட்டிக் கரையில் நடக்க ஆரம்பித்தார். 84 கிலோவிலிருந்து 76-க்கு வந்தார். இரண்டாவது தடவை ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தபோது ஈரல் தேறியிருந்தது. 'உங்க மருந்து பிரமாதம் சார்' என்று பூவன் பழத்தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆய்வு முடிந்து, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று எழுதிய உறையைப் பிரித்தபோது தெரிந்தது, அவர் சாப்பிட்டது வெறும் மாத்திரை. ஒருவரைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று சொல்லக் கூடாது என்பதற்கும், கூடவே எடை என்ன செய்யும் என்பதற்கும் எனக்கு அவர்தான் பாடம்.

எடைக்கு ஆதாரமும் நன்றாகவே இருக்கிறது. 2015-ல் கியூபாவில் 293 பேரை ஒரு வருஷம் உணவும் நடையும் மட்டும் வைத்துப் பார்த்து, முன்னும் பின்னும் ஊசி போட்டு ஈரல் சதை எடுத்துப் பார்த்தார்கள். எடையில் 10% குறைத்தவர்களில் 90% பேருக்கு அழற்சி போனது, 45% பேருக்குத் தழும்பே குறைந்தது. ஆனால் அந்த அளவுக்குக் குறைக்க முடிந்தவர்கள் 29 பேர்தான். சொல்வது எளிது என்று நான் சொல்ல மாட்டேன். 10% மலைப்பாக இருந்தால் முதலில் 7%-ஐக் குறி வையுங்கள், அப்பாவின் 78 கிலோவில் அது ஐந்தரை கிலோ. ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய், பயறு, ஒரு முட்டை அல்லது மீன். டீயில் சர்க்கரையைக் குறைப்பது. வயலுக்கு டி.வி.எஸ்.ஸை விட்டு நடப்பது. வாரத்துக்கு அரை கிலோ இறங்கினால் போதும். அவசரப்பட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம்.

கீழாநெல்லிக்கு மாமாவைக் கேலி செய்ய மாட்டேன், அதற்குப் பின்னால் பெரிய வரலாறே உண்டு. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கோடு சேர்ந்து, கீழாநெல்லிப் பொடியை அந்த வைரஸ் தங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். லான்செட் இதழில் வந்தது, உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. கவனியுங்கள், அது மஞ்சள் காமாலை வைரஸுக்கு, கொழுப்புக்கு இல்லை. இரண்டும் ஈரல் என்பதால் ஒரே மருந்து ஆகிவிடாது. மாமா அடுத்து சீந்தில் என்று ஆரம்பித்தால் மட்டும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். கொரோனா காலத்தில் அதைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கு ஈரல் பாதித்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அப்பா எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம், ஆய்வில் சேருவதானால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆய்வில் சேரலாமா? ஃபைப்ரோஸ்கேன் எடுத்த பிறகு முடிவு செய்யுங்கள். 8-க்குள் வந்தால் பெரும்பாலான ஆய்வுகளில் அவரை எடுக்கவே மாட்டார்கள், ஊசிப் பேச்சே எழாது. கூடுதலாக வந்தால் யோசிக்கத் தகுந்த வாய்ப்புதான், அங்கே கிடைக்கிற கவனிப்பு வெளியில் கிடைப்பது கஷ்டம். சி.டி.ஆர்.ஐ. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2009-லிருந்து இந்தியாவில் மருந்து ஆய்வு எதுவானாலும் அந்த அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும், இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து அப்பாவும் நீங்களும் படியுங்கள். வெறும் மாத்திரை வர எத்தனை வாய்ப்பு, ஈரல் சதை எடுக்க மொத்தம் எத்தனை ஊசி, ஊருக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் செலவு யார் கொடுப்பார்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் 2019 விதிகளில் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவசரப்படுத்துகிற இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் வேலை பார்த்த ஒரு மையத்தில், அறுப்பு நேரம் என்று யோசித்த ஒருவரை அன்றே கையெழுத்துப் போடச் சொல்லி வற்புறுத்தினார்கள். அடுத்த வாரமே அவர் வராமல் நின்றார். அவர் செய்தது சரி.

இப்போது அம்மா. 12 வருஷமாக சுகர். இந்தக் கேள்வி முழுக்க அப்பாவைப் பற்றி, ஏனென்றால் அவருக்கு வயிறு வலித்தது, அதனால் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் கொழுப்புக்கு வலி கட்டாயமில்லை. சுகர் இருப்பவர்களுக்குத்தான் தழும்பு வேகமாக முற்றுகிறது, அதனால் ஸ்கேனில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் டைப் 2 சுகர் உள்ள எல்லோருக்கும் ஃபிப்-4 போட்டுப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுக்கிற அக்கா சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார், பிளேட்லெட் பார்க்க மாட்டார். அப்பாவை ஃபைப்ரோஸ்கேனுக்குக் கூட்டிப் போகிற அன்றைக்கு அம்மாவையும் அதே பஸ்ஸில் ஏற்றுங்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட், மூன்றுக்கும் சேர்த்து ரத்தம் கொடுத்துவிட்டு, எண்களை எனக்கு எழுதுங்கள். அம்மாவின் வயதையும் மறக்காமல்.